பைத்தான் சாக்கெட்: சர்வரும் கிளையன்டும் பேசிக்கொள்ளாவிட்டால் எங்கே தேடுவது

கேள்வி சுருக்கமாக இது. பைத்தானில் சாக்கெட் (வலை வழியாகப் பேசும் இணைப்பு முனை) கொண்டு எழுதிய ஒரு சின்ன டிசிபி சர்வர், அதோடு பேச ஒரு கிளையன்ட். டிசிபி என்பது இரு நிரல்களுக்கு இடையே தரவைக் கடத்தும் வலை விதிமுறை. ஒரே கணினியில் இரண்டு டெர்மினலில் ஓட்டினால் ஒரு முறை ஒழுங்காக வேலை செய்கிறது, அடுத்த முறை இரண்டும் அசையாமல் நிற்கின்றன. சர்வரை வேறு கணினிக்குக் கொண்டுபோனால் இணைப்பே கிடைப்பதில்லை. எப்படியோ கிடைத்தாலும் நீளமான செய்தி பாதிதான் வந்து சேர்கிறது. சர்வரை நிறுத்திவிட்டு உடனே தொடங்கினால், முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று பிழை வருகிறது.

இவை நான்கும் வெவ்வேறு கோளாறுகள். ஒன்றுக்காகப் போட்ட மாற்றம் இன்னொன்றை மறைத்துவிடும். ஸ்லீப் ஒன்றை நடுவில் செருகியதும் "சரியாகிவிட்டது" என்று தோன்றுவது இதற்கு நல்ல உதாரணம். எண்ணோடு வரும் பிழைகள் எளியவை, அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும். பிழை எதுவும் காட்டாமல் நிற்பதும் செய்தி துண்டுபடுவதும்தான் படுத்தி எடுப்பவை. ஒருபுறம் ஒரு செண்ட் போட்டால் மறுபுறம் ஒரு ரெசீவ் அதை முழுதாக வாங்கிவிடும் என்ற நம்பிக்கைதான் பெரும்பாலும் அவற்றுக்கு வேர். டிசிபி அப்படி எந்த உறுதியும் தருவதில்லை.

எந்த வரியில் நிற்கிறது

கோடில் கை வைக்கும் முன் பிரிண்ட் வரிகளைப் போடுங்கள். லிசன் (இணைப்புக்காகக் கேட்கத் தொடங்குவது) முடிந்ததும் ஒன்று, அக்செப்ட் (வந்த இணைப்பை ஏற்பது) திரும்பியதும் ஒன்று, ஒவ்வொரு செண்டுக்கும் ரெசீவுக்கும் முன்னும் பின்னும் ஒன்று. ரெசீவ் தந்ததை டீகோட் செய்து அச்சிட வேண்டாம். அந்த பைட்ஸை ரெப்ர் வடிவிலேயே (கண்ணுக்குத் தெரியாத குறிகளையும் காட்டும் வடிவம்), நீளத்தோடு சேர்த்து அச்சிடுங்கள். வரி முடிவுக் குறி வந்ததா, காலி பைட்ஸ் வந்ததா, இரண்டு செய்தி ஒட்டிக்கொண்டு வந்ததா என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். பிரிண்டில் ஃப்ளஷ் என்பதை ட்ரூ ஆக வைக்க மறக்காதீர்கள். வெளியீடு கோப்புக்கோ எடிட்டரின் கன்சோலுக்கோ போகும்போது பைத்தான் அதைத் தேக்கிவைக்கும். சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும், திரையில் ஒன்றும் வராது. அதைப் பார்த்து "அக்செப்டில் நிற்கிறது" என்று தப்பாக முடிவு கட்டிவிடுவோம்.

முதல் வரியிலேயே சாக்கெட் மாட்யூலில் சாக்கெட் என்ற பண்பு இல்லை என்று ஆட்ரிபியூட் எரர் வந்தால், உங்கள் கோப்புக்கே சாக்கெட் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். பைத்தான் தன் நூலகத்தை விட்டுவிட்டு உங்கள் கோப்பையே இறக்குமதி செய்கிறது. பெயரை மாற்றினால் போதும். த்ரெடிங், செலக்ட், ஸ்ட்ரக்ட் ஆகிய பெயர்களையும் கோப்புக்கு வைக்க வேண்டாம்.

தொடக்கத்திலேயே வரும் டைப் எரர்களும் அற்பமானவைதான். பைண்டும் (சர்வர் தன் முகவரியைப் பிடிப்பது) கனெக்டும் (கிளையன்ட் போய் இணைவது) ஒரே ஒரு ஆர்க்யுமென்டைத்தான் வாங்கும். முகவரியும் போர்ட்டும் (அந்தக் கணினியில் எந்த நிரல் என்று காட்டும் எண்) சேர்ந்த டியூப்பிள் அது, ஆகவே அடைப்புக்குறி இரட்டையாக வரவேண்டும். போர்ட் எண்ணை இன்புட் மூலமோ கட்டளை வரியிலிருந்தோ வாங்கினால் அது ஸ்ட்ரிங்காக இருக்கும், இன்ட் ஆக மாற்றியாக வேண்டும். செண்டில் ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் "பைட்ஸ் போன்ற பொருள் வேண்டும்" என்று மறுக்கும். அனுப்பும் முன் என்கோட், வாங்கியபின் டீகோட். பைத்தான் 2 காலத்து எடுத்துக்காட்டுகளில் இது இருக்காது. அவற்றை அப்படியே எடுத்துப் போட்டால் முதலில் உதைப்பது இந்த இடம்தான்.

இணைப்பே கிடைக்கவில்லை என்றால்

இங்கே முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது, மறுப்பு வந்ததா அல்லது பதிலே வராமல் நேரம் கடந்ததா என்பதுதான்.

இணைப்பு மறுக்கப்பட்டது என்ற பிழையின் எண் லினக்ஸில் 111, மேக்கில் 61, விண்டோஸில் 10061. இது வந்தால் ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். உங்கள் பாக்கெட் (வலையில் போகும் தரவுத் துண்டு) அந்தக் கணினி வரை போயிருக்கிறது, அந்தப் போர்ட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்று அங்கிருந்து பதிலும் வந்திருக்கிறது. சர்வர் இன்னும் தொடங்கவில்லை, பிழையோடு நின்றுவிட்டது, போர்ட் எண் வேறு, அல்லது சர்வர் வேறு முகவரியில் கேட்கிறது. இவற்றில் ஒன்றுதான். விண்டோஸ் மறுப்பு வந்தபிறகும் தானாகச் சில முறை முயன்று பார்க்கும். அதனால் அங்கே இந்தப் பிழை ஓரிரு நொடி தாமதமாகவே காட்டப்படும். அந்தத் தாமதத்தை வைத்து இதை டைம்அவுட் என்று எண்ணிவிடக் கூடாது.

டைம்அவுட் என்றால் எண் லினக்ஸில் 110, மேக்கில் 60, விண்டோஸில் 10060. விண்டோஸில் சுமார் 21 நொடியும், லினக்ஸில் இயல்பான அமைப்பில் ஒன்றிரண்டு நிமிடமும் காத்திருந்தபின் இது வரும். பாக்கெட்டை நடுவில் யாரோ சத்தமில்லாமல் விழுங்கியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஃபயர்வால், அல்லது அந்த ஐபி முகவரியில் கணினியே இல்லை. மூன்றாவதாக, பாதை இல்லை என்ற 113 லினக்ஸில் வரும். பிங் போகிறது, ஆனால் கனெக்ட் மட்டும் 113 தருகிறது என்றால் பாதையில் குறை இல்லை. சர்வர் கணினியில் ஃபயர்வால்டி என்ற லினக்ஸ் ஃபயர்வால் தடுத்து, "அனுமதி இல்லை" என்ற ஐசிஎம்பி (வலைக் கோளாறுகளை அறிவிக்கும் விதிமுறை) பதிலை அனுப்புகிறது என்று அர்த்தம்.

அடுத்ததாக சர்வர் ஓடும் கணினிக்குப் போய் அது எந்த முகவரியில் கேட்கிறது என்று பாருங்கள். லினக்ஸில் எஸ்எஸ் கட்டளையை எல், டி, என், பி என்ற தெரிவுகளோடு ஓட்டலாம். விண்டோஸில் நெட்ஸ்டாட்டை ஏ, என், ஓ தெரிவுகளோடும், மேக்கில் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை ஐ தெரிவோடு போர்ட் எண்ணைக் கொடுத்தும் ஓட்டலாம். உங்கள் போர்ட்டுக்கு எதிரே உள்ளூர் முகவரி என்ற இடத்தில் 127.0.0.1 என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அது அந்தக் கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்புகளை மட்டும் ஏற்கும். வெளியிலிருந்து வர வேண்டுமானால் பைண்டில் 0.0.0.0 கொடுங்கள், அல்லது காலி ஸ்ட்ரிங். இரண்டும் ஒன்றே.

0.0.0.0 என்பது சர்வர் பக்கம் கேட்பதற்கான முகவரி. கிளையன்ட் அதற்கு கனெக்ட் செய்யக் கூடாது. லினக்ஸில் அது தன் கணினிக்கே போய்விடுவதால் "வேலை செய்கிறது" என்று தோன்றும். அதே கோடு விண்டோஸில் 10049 தரும். கிளையன்டுக்குக் கொடுக்க வேண்டியது சர்வர் கணினியின் உண்மையான உள்வலை முகவரி. பொதுவாக 192.168 அல்லது 10 என்று தொடங்கும்.

பைண்டிலேயே 99 வந்தால் (மேக்கில் 49, விண்டோஸில் 10049) அந்தக் கணினிக்குச் சொந்தமில்லாத முகவரியைக் கொடுத்திருக்கிறீர்கள். "என் ஐபி என்ன" என்று இணையத்தில் தேடிக் கிடைப்பது ரவுட்டரின் பொது முகவரி. அதில் உங்கள் நிரலால் பைண்ட் செய்ய முடியாது. பைண்டில் 0.0.0.0 கொடுத்துவிட்டு, ரவுட்டரில் அந்தப் போர்ட்டை உள்ளே திருப்பிவிட வேண்டும். இணைய நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுத்திருந்தால் அந்த வழியும் அடைபட்டதுதான். அப்போது வெளியில் ஒரு சர்வரோ விபிஎன்னோ இல்லாமல் முடியாது.

விண்டோஸில் முதன்முறை லிசன் செய்யும்போது ஃபயர்வால் ஒரு சாளரம் காட்டி அனுமதி கேட்கும். அதை ரத்துசெய்துவிட்டால் அந்த பைத்தான் நிரலுக்கே தடைவிதி எழுதிவைத்துக்கொள்ளும், பிறகு கேட்காது. உள்வரும் விதிகளில் பைத்தான் என்ற பெயரில் இருக்கும் தடைவிதியைத் தேடி நீக்குங்கள். வலை "பொது" என்ற வகையில் இருக்கிறதா, "தனியார்" என்ற வகையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒன்றுக்குக் கொடுத்த அனுமதி மற்றதற்குச் செல்லாது. சோதனைக்காக ஃபயர்வாலை முழுதாக அணைப்பதைவிட, அந்த ஒரு போர்ட்டைத் திறக்கும் விதி எழுதுவதே மேல். அணைத்ததை மறுபடி போட மறப்பதுதான் வழக்கம். பிங்கை வைத்து முடிவுக்கு வருவதும் வேண்டாம். விண்டோஸ் பல அமைப்புகளில் பிங்குக்குப் பதிலளிக்காது, ஆனால் போர்ட் திறந்திருக்கும். பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளைக்குப் போர்ட் எண்ணையும் கொடுத்துப் பார்ப்பதே சரியான சோதனை.

டாக்கர் கன்டெய்னருக்குள் சர்வர் ஓடினால் இரண்டும் வேண்டும்: உள்ளே 0.0.0.0, வெளியே போர்ட் திறப்பு. கன்டெய்னருக்குள் 127.0.0.1 என்பது அந்தக் கன்டெய்னர் மட்டும்தான். விர்ச்சுவல் மெஷினிலும் இதே கதை. கிளவுட் கணினியென்றால் இயங்குதளத்தின் ஃபயர்வாலுக்கு வெளியே, சேவைப் பலகத்தில் இன்னொரு தடுப்பு இருக்கும்.

போர்ட் தகராறுகள்

முகவரி பயன்பாட்டில் உள்ளது என்ற பிழை லினக்ஸில் 98, மேக்கில் 48, விண்டோஸில் 10048. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டுக்கும் மருந்து வேறு.

ஒன்று, பழைய சர்வர் இன்னும் உயிரோடு இருப்பது. கண்ட்ரோல்-சி போடுவதற்குப் பதில் கண்ட்ரோல்-இசட் போட்டிருப்பீர்கள். லினக்ஸிலும் மேக்கிலும் அது நிரலைத் தூங்கவைக்குமே தவிர முடிக்காது, போர்ட்டும் அதன் கையிலேயே இருக்கும். ஜாப்ஸ் கட்டளையில் தெரியும். எஃப்ஜி போட்டு முன்னே கொண்டுவந்து நிறுத்துங்கள். விண்டோஸில் இந்தப் பிழை வந்தால் காரணம் பெரும்பாலும் உயிருள்ள ஒரு நிரல்தான்.

இன்னொன்று டைம்-வெயிட். இணைப்பை எந்தப் பக்கம் முதலில் மூடுகிறதோ அந்தப் பக்கத்தில் அந்த இணைப்பின் நிழல் சிறிது நேரம் தங்கும். லினக்ஸில் 60 நொடி. சர்வர் முதலில் மூடியிருந்தால் அந்த 60 நொடிக்குள் அதே போர்ட்டில் பைண்ட் செய்ய விடாது. "கொஞ்ச நேரம் கழித்துத் தானாகச் சரியாகிவிடுகிறது" என்று சொல்லப்படுவது இதுதான். இதற்கு செட்சாக்ஆப்ட் மூலம் ரீயூஸ்-அட்ரஸ் தெரிவை 1 ஆக்க வேண்டும். பைண்டுக்கு முன்னால் ஆக்க வேண்டும், பைண்டுக்குப் பிறகு போட்டால் பயனில்லை.

ஆனால் இதே தெரிவை விண்டோஸில் போடாதீர்கள். அங்கே அதன் பொருள் வேறு. உயிரோடு இருக்கும் இரண்டு சர்வர்கள் ஒரே போர்ட்டைப் பிடித்துக்கொள்ள அது வழிவிடும். வரும் இணைப்பு எதற்குப் போகும் என்று சொல்ல முடியாது. கோடை மாற்றியபின்னும் பழைய பதிலே வருகிறது என்ற விசித்திரம் இப்படியும் நேரும். பைத்தான் 3.8 முதல் இருக்கும் கிரியேட்-சர்வர் இந்த வேறுபாட்டைத் தானே கவனித்து, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் மட்டும் ரீயூஸை இயக்குகிறது. சாக்கெட்டை உருவாக்கி, பைண்ட், லிசன் என்று மூன்று வரி எழுதுவதைவிட அதையே பயன்படுத்தலாம்.

போர்ட் எண்ணை 1024க்குக் கீழே தேர்ந்தால் லினக்ஸில் அனுமதி மறுப்பு, எண் 13. விண்டோஸில் 10013 வந்தால் காரணம் வேறாக இருக்கலாம். விண்டோஸின் விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி சில போர்ட் வரிசைகளை ஒதுக்கிவைத்துக்கொள்ளும். நெட்எஸ்ஹெச் கட்டளையில் விலக்கப்பட்ட போர்ட் வரிசைகளைப் பார்க்கலாம். மேக்கில் மான்டரே பதிப்பிலிருந்து 5000 என்ற போர்ட்டை ஏர்பிளே ரிசீவர் எடுத்துக்கொள்கிறது. மிக உயர்ந்த எண்களும் நல்லதல்ல. லினக்ஸில் 32768 முதல் 60999 வரையும், விண்டோஸில் 49152 முதல் 65535 வரையும் கிளையன்டுகளுக்குத் தற்காலிகமாக எண் கொடுக்கும் பகுதி. 9000, 12345 போன்றவை பெரும்பாலும் தொல்லை தராது.

இணைப்பு கிடைத்தது, ஆனால் சாக்கெட் மாறிவிட்டது

அக்செப்ட் ஒரு புது சாக்கெட்டையும் எதிராளியின் முகவரியையும் டியூப்பிளாகத் தருகிறது. பேச வேண்டியது அந்தப் புது சாக்கெட்டோடு. கேட்கும் சாக்கெட்டிலேயே ரெசீவ் போட்டால் லினக்ஸில் 107, மேக்கில் 57, விண்டோஸில் 10057 வரும்: இணைக்கப்படாத சாக்கெட் என்று பொருள். ஒரு கிளையன்டுக்குப் பதில் சொன்னபின் அடுத்த அக்செப்டில் 9 (விண்டோஸில் 10038) வந்தால், வளையத்துக்குள் கிளையன்டின் சாக்கெட்டை மூடுவதற்குப் பதில் சர்வரின் சாக்கெட்டை மூடிவிட்டீர்கள். அல்லது வித் தொகுதிக்கு வெளியே வந்தபின் அந்த சாக்கெட்டைத் தொட்டிருக்கிறீர்கள். இன்டெண்ட் ஓரிடம் பிசகினால் போதும். எஸ், சி என்று ஓரெழுத்துப் பெயர் வைக்காமல் கேட்பதற்கு ஒன்று, பேசுவதற்கு ஒன்று என்று தெளிவாகப் பெயர் வைத்தால் இந்த வகைப் பிழை கிட்டத்தட்ட மறைந்துவிடும்.

செய்தி என்று ஒன்று டிசிபியில் கிடையாது

இதுதான் கேள்வியின் கனமான பகுதி. டிசிபி கடத்துவது வரிசை மாறாத ஒரு பைட் ஓட்டம் மட்டுமே. நீங்கள் எத்தனை செண்ட் போட்டீர்கள், ஒவ்வொன்றும் எங்கே முடிந்தது என்ற தகவல் மறுபுறம் போவதே இல்லை. ரெசீவில் கொடுக்கும் 1024 என்பது "இதற்கு மேல் வேண்டாம்" என்ற உச்சவரம்பு. 1024 பைட் வரும்வரை காத்திருப்பதில்லை, ஒரு செய்தி முழுதாக வரும்வரையும் காத்திருப்பதில்லை. குறைந்தது ஒரு பைட் இருந்தால் இருப்பதைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடும். அதனால் அடுத்தடுத்து அனுப்பிய இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டு ஒரே ரெசீவில் வரலாம், ஒரு செய்தி மூன்று ரெசீவாகவும் வரலாம். இரண்டும் பிழை அல்ல, டிசிபியின் இயல்பு.

ஒரே கணினியில் ஓட்டும்போது ஏன் சரியாக வருகிறது? லினக்ஸில் லூப்பேக்கின் (கணினி தன்னோடே பேசும் உள்வழி) எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 65536 பைட். சின்னச் செய்தி துண்டுபடவே வாய்ப்பில்லை. ஈதர்நெட்டில் அது 1500. தலைப்புகள் போக ஒரு பாக்கெட்டில் 1460 பைட் அல்லது அதற்குச் சற்றுக் குறைவாகத்தான் தரவு ஏறும். ஆகவே "வேறு கணினிக்கு மாற்றினால் பாதிதான் வருகிறது" என்பதில் வலையைக் குறை சொல்ல எதுவுமில்லை. கோடு முதலிலிருந்தே தப்பு, லூப்பேக் அதை மூடிமறைத்தது. இரண்டு செண்டுக்கு நடுவே ஸ்லீப் போடுவது இந்தத் தப்பை இன்னொரு துணியால் மூடுவதுதான். வலை கொஞ்சம் தடுமாறினால் மறுபடி வெளியே வரும்.

தமிழில் எழுதி அனுப்பிப் பார்ப்பவர்களுக்கு இது சீக்கிரமே அம்பலமாகும். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். "வணக்கம்" என்ற சொல்லுக்கு பைத்தானின் லென் 7 என்று சொல்லும், ஏனென்றால் இரண்டு புள்ளிகளும் தனிக் குறியீடுகள். என்கோட் செய்தபின் அதே சொல் 21 பைட். இடைவெளியே இல்லாத நீண்ட தமிழ் எழுத்துத் தொடரை 1024 பைட்டில் வெட்டினால் 341 குறியீடு முழுதாகவும், 342ஆவதின் முதல் பைட் மட்டும் தனியாகவும் கிடைக்கும். அதை டீகோட் செய்தால் "தரவு எதிர்பாராமல் முடிந்தது" என்று யூனிகோட் டீகோட் எரர். எரர்ஸ் இடத்தில் இக்னோர் என்று கொடுத்து வாயடைப்பவர்கள் உண்டு. பிழை போகும், கூடவே எழுத்தும் போகும். விதி எளிது: செய்தி முழுதாகச் சேர்ந்தபின்தான் டீகோட். செய்தியின் நீளத்தைச் சொல்லும்போதும் என்கோட் செய்த பைட்ஸின் நீளத்தையே சொல்ல வேண்டும். ஸ்ட்ரிங்கின் நீளத்தைச் சொன்னால் ஆங்கிலத்தில் எல்லாம் சரியாக ஓடி, முதல் தமிழ்ச் செய்தியில் கவிழும்.

செய்தியின் எல்லையை நீங்களே குறிக்க வேண்டும். இரண்டு வழி போதும்.

உரை மட்டும் போகிறது, ஒரு செய்தி ஒரு வரி என்றால், ஒவ்வொன்றின் முடிவிலும் வரி முடிவுக் குறியைச் சேர்த்து அனுப்புங்கள். வாங்கும் பக்கம் சாக்கெட்டின் மேக்ஃபைல் மூலம் பைனரி வாசிப்புக் கோப்பு ஒன்றை எடுத்து, ரீட்லைன் போட்டுக்கொண்டே போகலாம். துண்டுகளை ஒட்டும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். இதில் மூன்று எச்சரிக்கை. அனுப்பும் பக்கம் அந்தக் குறியைப் போட மறந்தால் ரீட்லைன் காத்துக்கொண்டே இருக்கும். மேக்ஃபைல் வழியாகவே எழுதினால் ஃப்ளஷ் செய்யாமல் எதுவும் போகாது. டைம்அவுட் வைத்த சாக்கெட்டில் மேக்ஃபைலைப் பயன்படுத்தி நடுவில் நேரம் கடந்துவிட்டால் அதன் உள் பஃபர் (தரவு தற்காலிகமாகத் தேங்கும் இடம்) குழம்பிப்போகலாம், அந்த இணைப்பை மூடிவிடுவதே சரி.

கோப்பு, படம், பிக்கிள் (பைத்தான் பொருளை பைட்ஸாக்கும் வடிவம்), பெரிய ஜேசான் என்றால் நீளத் தலைப்பு. அனுப்பும்போது பைட்ஸின் நீளத்தை 4 பைட் முழு எண்ணாக, பெரிய பைட் முதலில் வரும் வரிசையில், டு-பைட்ஸ் மூலம் மாற்றி முன்னால் ஒட்டி செண்ட்ஆல் போடுங்கள். வாங்கும் பக்கம் "சரியாக இத்தனை பைட் வாங்கு" என்று ஒரு ஃபங்ஷன் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு காலி பைட்-அர்ரே, அதன் நீளம் வேண்டிய அளவைத் தொடும்வரை, மீதம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை மட்டும் ரெசீவில் கேட்பது, வந்ததை ஒட்டுவது, நடுவில் காலி பைட்ஸ் வந்தால் இணைப்பு பாதியில் அறுந்தது என்று எக்செப்ஷன் எழுப்புவது. ஏழெட்டு வரிதான். முதலில் அதை 4 பைட்டுக்கு அழைத்து நீளத்தை அறியுங்கள், பிறகு அந்த நீளத்துக்கு அழையுங்கள். மீதத்தைக் கணக்கிடாமல் ஒவ்வொரு முறையும் 4096 கேட்டால் அடுத்த செய்தியின் தலையையும் கடித்துக்கொண்டு வந்துவிடும்.

வந்த நீளத்துக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள், 10 மெகாபைட் என்பதுபோல. திடீரென்று நீளம் 1195725856 என்று லாகில் வந்தால் பதற வேண்டாம். யாரோ பிரவுசரில் உங்கள் போர்ட்டைத் திறந்திருக்கிறார்கள். ஹெச்டிடிபி கோரிக்கையின் முதல் மூன்று எழுத்தான கெட் என்ற சொல்லும் அடுத்த இடைவெளியும் சேர்ந்து 4 பைட், அதை எண்ணாக வாசித்தால் இதுதான் வரும். பிக்கிளை மட்டும் முன்பின் தெரியாத இணைப்பிலிருந்து வாங்கிப் பிரிக்காதீர்கள். அதைப் பிரிக்கும்போதே அனுப்பியவர் விரும்பும் கோடை உங்கள் கணினியில் ஓட்ட முடியும்.

செண்டுக்கும் செண்ட்ஆலுக்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான். செண்ட் கொடுத்ததில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, எத்தனை பைட் எடுத்தது என்று திருப்பித் தரலாம். அந்த எண்ணை நீங்கள் பார்க்காவிட்டால் மிச்சம் காணாமல் போகும். சாதாரண நிரலில் செண்டைப் பயன்படுத்த ஒரு காரணமும் இல்லை.

இரண்டும் காத்திருந்தால்

பிழையில்லாமல் நிற்கும் நிரலில் பெரும்பாலும் இரு பக்கமும் ரெசீவில் உட்கார்ந்திருக்கும். பிரிண்ட் வரிகள் அதை உடனே காட்டிக்கொடுக்கும். சர்வர் "காலி பைட்ஸ் வரும்வரை வாசி" என்று எழுதப்பட்டு, கிளையன்ட் அனுப்பிவிட்டுப் பதிலுக்காக நிற்பது மிகச் சாதாரணமான வடிவம். காலி பைட்ஸ் என்பது எதிர்ப்பக்கம் அனுப்புவதை முடித்துக்கொண்டது என்ற அறிவிப்பு. கிளையன்ட் மூடாதவரை அது வராது. செய்தி எல்லை குறித்திருந்தால் இந்தச் சிக்கலே எழாது. ஒரே ஒரு கோரிக்கை, ஒரே பதில் என்ற எளிய நிரலென்றால், கிளையன்ட் அனுப்பி முடித்ததும் ஷட்டவுன் போட்டு எழுதும் திசையை மட்டும் மூடலாம். வாசிக்கும் திசை திறந்தே இருக்கும், பதிலை வாங்கிக்கொள்ளலாம்.

காலி பைட்ஸைச் சரிபார்க்காமல் விட்டால் எதிர்மாறான கோளாறு. கிளையன்ட் போனபின் ரெசீவ் நிற்காமல் உடனுக்குடன் காலியைத் திருப்பித் தரும். வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும், சிபியு 100 சதவீதம் ஏறும். "காலி என்றால் வளையத்தை விட்டு வெளியேறு" என்ற வரி ஒவ்வொரு ரெசீவுக்கும் அடியில் இருக்க வேண்டும்.

அரட்டை நிரலில் இன்புட் வரியும் இதே வேலையைச் செய்யும். பயனர் தட்டச்சு செய்யும்வரை நிரல் அங்கே நிற்கிறது, அதற்குள் வந்த செய்தி பஃபரில் கிடக்கும். வாசிப்பதற்கு ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக இணையாக ஓடும் கிளை), தட்டச்சுக்கு ஒன்று என்று பிரித்தாக வேண்டும். இன்னொரு அரிதான வடிவம்: இரு பக்கமும் பெரிய தரவை ஒரே நேரத்தில் அனுப்பத் தொடங்கி, யாரும் வாசிக்காததால் இரு பக்க பஃபரும் நிரம்பி, இரண்டும் செண்ட்ஆலில் நிற்பது. சின்னத் தரவில் வராது, பெரிய கோப்பில் வரும்.

சோதிக்கும் காலத்தில் இரு பக்கமும் செட்டைம்அவுட் 10 வையுங்கள். அசையாமல் நிற்பதற்குப் பதிலாக எந்த வரி என்று டிரேஸ்பேக் கிடைக்கும். எதிர்க் கணினியின் மின்சாரமோ கேபிளோ போனால் ரெசீவுக்குத் தானாக எதுவும் தெரியாது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் கீப்அலைவ் இயல்பாக அணைந்திருக்கும், இயக்கினாலும் முதல் சோதனை 2 மணி நேரம் கழித்துத்தான். டைம்அவுட் அதற்கும் உதவும். விண்டோஸில் அக்செப்டில் நிற்கும் சர்வர் கண்ட்ரோல்-சிக்கு அசைந்து கொடுக்காது. கேட்கும் சாக்கெட்டுக்கு 1 நொடி டைம்அவுட் வைத்து வளையத்தில் மறுபடி மறுபடி அக்செப்ட் செய்தால் நிறுத்த முடியும்.

இரண்டாவது கிளையன்ட்

முதல் கிளையன்ட் பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது கிளையன்டுக்கு கனெக்ட் வெற்றி என்று வரும், ஆனால் பதில் வராது. இணைப்பை ஏற்பது இயங்குதளத்தின் வரிசை, உங்கள் அக்செப்ட் அல்ல. அந்த இணைப்பை அக்செப்ட் எடுக்கும்வரை வரிசையில் கிடக்கும். லிசனில் எண்ணைக் கூட்டினால் வரிசை நீளுமே தவிர பதில் வராது. அக்செப்ட் ஆனதும் ஒரு த்ரெடைத் தொடங்கி அதனிடம் சாக்கெட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த அக்செப்டுக்குப் போக வேண்டும். இங்கே இரண்டு பொறி உண்டு. டார்கெட்டில் ஃபங்ஷனின் பெயரை மட்டும் கொடுங்கள். அடைப்புக்குறி போட்டு அழைத்துவிட்டால் அது முதன்மை த்ரெடிலேயே ஓடி முடியும்வரை சர்வர் நிற்கும், த்ரெட் போட்டும் பயனில்லையே என்று குழம்புவீர்கள். ஆர்க்ஸில் ஒரே ஒரு மதிப்பு இருந்தாலும் காற்புள்ளி வேண்டும், இல்லாவிட்டால் அது டியூப்பிளே அல்ல.

எதிர்ப்பக்கம் அறுத்துக்கொண்டால்

104 (மேக்கில் 54, விண்டோஸில் 10054) என்பது எதிர்ப்பக்கம் முறைப்படி மூடாமல் அறுத்தது. நிரல் பிழையோடு செத்திருக்கலாம். பஃபரில் வாசிக்காத தரவு இருக்கும்போதே குளோஸ் போட்டாலும் ரீசெட் என்ற துண்டிப்பு அறிவிப்புதான் போகும். இது பலருக்குப் புதிர். சர்வர் ஒழுங்காகப் பதில் அனுப்பி மூடியிருக்கும், ஆனால் கிளையன்ட் அனுப்பியதில் கடைசி இரண்டு பைட்டை வாசித்திருக்காது. கிளையன்டுக்கு அந்தப் பதில் கிடைக்காமல் 104தான் வரும். முதலில் எதிர்ப்பக்கத்தின் டெர்மினலைப் பாருங்கள். உண்மையான டிரேஸ்பேக் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

32 என்ற உடைந்த பைப் பிழை இணைப்பு போனபின் எழுதியதால் வருவது. இதில் ஒரு நுணுக்கம். எதிர்ப்பக்கம் மூடியபின் நீங்கள் போடும் முதல் செண்ட் பெரும்பாலும் வெற்றி பெறும், இரண்டாவதுதான் உடையும். செண்ட்ஆல் பிழையில்லாமல் திரும்பியது என்றால் தரவு உங்கள் இயங்குதளத்தின் பஃபருக்குள் போய்விட்டது என்று மட்டுமே பொருள். எதிர்ப்பக்க நிரல் வாசித்ததா என்று தெரிய வேண்டுமானால் அது ஒரு பதில் அனுப்பியாக வேண்டும்.

சரியாகிவிட்டதா என்று சோதிக்க

இரண்டு பக்கமும் சந்தேகத்துக்குரியதாக இருக்கும்போது ஒன்றை மாற்றிவிடுங்கள். கிளையன்டுக்குப் பதில் நெட்கேட் (டெர்மினலிலிருந்தே ஒரு போர்ட்டோடு பேசும் கருவி) கொண்டு சர்வரோடு பேசுங்கள். பிறகு நெட்கேட்டையே கேட்கவைத்து உங்கள் கிளையன்டை அதனோடு இணையுங்கள். எந்தப் பக்கம் கோளாறு என்று உடனே தெரிந்துவிடும். விண்டோஸ் டெல்நெட்டைப் பயன்படுத்தினால் அது ஒவ்வொரு எழுத்தாக அனுப்பும் என்பதை நினைவில் வையுங்கள்.

செய்தி எல்லையைக் குறிக்கும் கோடு சரியா என்று பார்க்க வயர்ஷார்க் (பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) தேவையில்லை. வாங்கும் ஃபங்ஷனில் ரெசீவின் உச்சவரம்பைத் தற்காலிகமாக 1 ஆக்கி ஓட்டுங்கள். வலை செய்யக்கூடிய மிக மோசமான துண்டாக்கம் அதுதான். பிறகு அனுப்பும் பக்கம் பத்து செய்திகளை ஒரே பைட்ஸாக ஒட்டி ஒரே செண்ட்ஆலில் அனுப்புங்கள், தமிழும் ஒரு காலிச் செய்தியும் அதில் இருக்கட்டும். மறுபுறம் பத்தும் அதே வரிசையில், அதே எழுத்தோடு வந்தால் 1ஐ மறுபடி 4096 ஆக்கிவிட்டு வேறு கணினிக்குக் கொண்டுபோகலாம்.